பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காத பொது மனிதர்

என் முன்னால் இரண்டு டம்ளர்கள் நீண்டன.

வலது பக்கம் எவர்சில்வர் டம்ளர். அதைப் பிடித்திருந்தவர், சகோதரர்கள் இருவரில் அண்ணன் பொன்னுசாமியின் மனைவி ராசம்மா. இடது பக்கம் பித்தளை டம்ளர். அது தம்பி வெள்ளையனின் மனைவி குப்பாயியின் கையில். இரண்டிலும் தண்ணீர்தான். நான் பகல் முழுக்க நோன்பிருந்து, போதாததற்கு மத்தியானத்திலிருந்து பேசிப் பேசி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

என் சட்டைப்பையில் கைப்பேசி பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டது.

இரண்டு பெண்களும் அசையவில்லை. அண்ணன் என் வலது கையைப் பார்த்தார். தம்பி என் இடது கையைப் பார்த்தார். வாழவந்திப் பக்கம் மாலையில் எப்போதும் ஒரு காற்று வரும். அன்றைக்கு அதுகூட நின்று பார்த்த மாதிரி இருந்தது.

ஒரு டம்ளர் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

களத்துக்கு நடுவே ஒரு நாற்காலி

எனக்கு மலைமேல் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் மிளகு, காப்பிக்கொட்டை வாங்கி விற்கிற சின்ன வியாபாரம். சேலத்திலிருந்து என் அத்தா, அதாவது அப்பா, மலையேறி வந்து தொடங்கியது. படிப்பு எனக்குப் பத்தாவதோடு சரி. ஆட்களைத் தெரியும், மிளகைத் தெரியும், ஐந்து வேளைத் தொழுகை தெரியும். அவ்வளவுதான் என் கையிருப்பு.

பொன்னுசாமியும் வெள்ளையனும் வாழவந்திப் பக்கத்து விவசாயிகள். கூடப்பிறந்தவர்கள். இரண்டு வீடு, நடுவில் மிளகு காயவைக்கிற ஒரு சிமெண்ட் களம். வீடுகளுக்கு மேலே சரிவில் அவர்கள் அப்பா காலத்து ஊற்று. ஊற்றுத் தண்ணீர் ஒரு கல்தொட்டியில் சேரும். தொட்டியிலிருந்து ஆளுக்கொரு ஓஸ் இறங்கி வரும். மோட்டார் இல்லை, கரண்டு இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக வரும்.

அந்த வருடம் தையிலேயே வெள்ளையனின் ஓஸில் தண்ணீர் நூலாகிப் போனது. அண்ணன் ஓஸில் சுமாராக வந்தது. "அவரு ஓஸை ஆழத்துல செருகி உட்டுட்டாரு" என்றார் வெள்ளையன். "இவன் மொளகுக் கொடிக்குப் பாச்சித் தொட்டியக் காலி பண்றான்" என்றார் பொன்னுசாமி.

தண்ணீரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வெள்ளையனின் மகள் மலருக்குச் சித்திரையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்கள் குடும்பத்தில் மூத்தவர்தான் பந்தக்கால் நட வேண்டும். அந்த மூத்தவர், "அந்தப் பந்தல்ல நான் காலு வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பெரியப்பன் இல்லாமல் பந்தக்கால் நட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன ஏதென்று கேட்பார்கள். ஊர் ஒன்றுக்கு இரண்டாகப் பேசும்.

தம்பி அண்ணனை 'அண்ணா' என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். 'அவரு', 'அந்த ஊட்டுக்காரரு' என்றுதான் சொன்னார். தை மாதத்திலிருந்து இப்படி.

கடுங்காப்பியில் கெட்ட நியாயம்

முதலில் அவர்கள் சொந்தத்திலேயே ஒரு பெரியவரை அழைத்திருக்கிறார்கள். நல்ல மனிதர். நியாயஸ்தர் என்று பேரெடுத்தவர்.

அந்தக் குடும்பங்களில் ஒரு கட்டு உண்டு. நியாயம் பேச வருகிறவர், பேச்சு முடியும்வரை இரண்டு வீட்டிலும் கை நனைக்கக் கூடாது. சாப்பாடு மட்டுமில்லை, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ஒரு வீட்டு உப்பு நாக்கில் பட்டால் அந்த நாக்கு அந்த வீட்டுப் பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். தீர்ந்த பிறகுதான் இரண்டு வீட்டிலும் சாப்பாடு.

அந்தப் பெரியவருக்கும் இது தெரியும். ஆனால் அன்றைக்குப் பனிமூட்டம். எதிரில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டது. கை விறைத்துப்போன நேரத்தில் ராசம்மா பழக்கதோஷத்தில் கடுங்காப்பி கொண்டுவந்து நீட்ட, பெரியவரும் பழக்கதோஷத்தில் வாங்கிக் குடித்துவிட்டார். மலையில் பனிக்குள் காப்பி நீட்டினால் வேண்டாம் என்று சொல்கிற கை யாருக்கு இருக்கிறது? பாதி டம்ளர் போன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது.

வெள்ளையன் எழுந்து துண்டை உதறினாராம். "முடிஞ்சுதுங்க மாமா. மீதியையும் குடிச்சுப்போட்டுப் பதனமாப் போயிட்டு வாங்க."

அதற்குப் பிறகு யாரைக் கூப்பிடுவது? ஒருவர் இவருக்கு மச்சான், ஒருவர் அவருக்குச் சம்பந்தி. அப்போதுதான் எங்களுக்கு ரமலான் பிறை தெரிந்தது.

பொன்னுசாமி மிளகு போட வந்தவர் மெல்லச் சொன்னார். "ஏனுங்க பாய், உங்களுக்கு இப்ப நோம்புதானுங்க? நீங்க வந்து ஒரு நாயம் சொல்லோணும்."

அன்றைக்குச் சாயந்திரமே வெள்ளையன் வந்தார். அண்ணன் வந்து போனது அவருக்குத் தெரியாது. "பாய், நீங்க பொது மனுசன். நோம்பு வேற. எச்சல முழுங்கறதுக்கே யோசிப்பீங்க. உங்களாட்டம் ஆளு எங்கீங்க கெடைப்பாங்க?"

நான் சிரித்துவிட்டேன். என் நேர்மைக்காக இல்லை, என் பட்டினிக்காகக் கூப்பிடுகிறார்கள்.

ஒரு வேலைக்கு எத்தனை பேர்

'பொது மனுசன்' என்ற அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சண்டை தீர்த்து வைக்கிறவருக்குத்தான் நம்மிடம் எத்தனை பெயர்கள்! என் அத்தா மத்தியஸ்தர் என்பார். சேலம் மண்டியில் எடைத் தகராறு வந்தால், "ஒரு மத்தியஸ்தர வெச்சுக்கலாம்" என்றுதான் பேச்சு தொடங்கும். எஸ்டேட் லயன் வீடுகளில் குழாயடிச் சண்டை வந்தால் ரைட்டரிடம் போவார்கள். ரைட்டர் கணக்கு எழுதுகிறவர். அதற்கும் அவர்தான், இதற்கும் அவர்தான். கிராமத்தில் பஞ்சாயத்தார். கோர்ட்டுக்குப் போனால் அங்கே சமரசம் பேசுகிறவர் என்று தனியாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். என் மகள் பள்ளிக்கூடத்தில் ஷட்டில் ஆடும்போது உயரமான நாற்காலியில் உட்காருகிறவர் அம்பயர். டிவி பட்டிமன்றத்தில் நடுவர். என் மனைவி ஜமீலாவுக்கு நடுவர் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னாலேயே தீர்ப்புத் தெரியும். டிவியைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிடுவாள்.

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். 'ஹகம்' என்றார். புருஷன் பெண்சாதிக்குள் பிணக்கு வந்தால் அவன் பக்கம் ஒருவர், அவள் பக்கம் ஒருவர் என்று இரண்டு பேரை உட்கார வைக்கச் சொல்கிறது மார்க்கம். "ரெண்டு பேரும் சேத்து வெக்கோணும்ங்கற எண்ணத்தோட உட்கார்ந்தா போதும். மிச்சத்த அல்லாஹ் பாத்துக்குவான்" என்றார். அதைக் கேட்டபோது நெஞ்சில் ஒரு பாரம் இறங்கி இன்னொரு பாரம் ஏறியது.

விலக்கி விடுகிறவர் என்றும் ஒரு வகை உண்டு. பேச்சு வளர்ந்து கை நீளும்போது குறுக்கே பாய்கிறவர். ஒண்டிக்கடையில் ஒருமுறை ஜீப்பை எங்கே நிறுத்துவது என்று இரண்டு டிரைவர்கள் கட்டிப் புரண்டார்கள். நான் விலக்கி விடப் போனேன். அன்றைக்கு விழுந்த அடியில் முதல் அடி எனக்குத்தான். பிறகு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் தூக்கி உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். சமாதானம் ஆகிவிட்டது. அதுவும் ஒரு வழிதான். ஆனால் என் வயதுக்கு இனி ஆகாது.

சொம்பு

போகிற அன்று வீட்டிலேயே கைகால் முகம் கழுவி ஒளு செய்து, மத்தியானத்து ளுஹர் தொழுது, வழக்கத்தைவிட அதிக நேரம் கையேந்தி உட்கார்ந்திருந்தேன். நியாயம் சொல்கிறவன் வாயிலிருந்து விழுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே ஒருவனிடம் பதில் சொல்ல வேண்டும். 'யா அல்லாஹ், என் நாக்கை நீ பார்த்துக்கொள்' என்று கேட்டேன்.

ஜமீலா ஒரு துணிப்பையை நீட்டினாள். "ஏனுங்க நாட்டாமை, சொம்ப மறந்துட்டுப் போறீங்களே!"

உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில், பேரீச்சம்பழம்.

"அஸருக்குள்ள முடிஞ்சுரும். நோம்பு தொறக்க ஊட்டுக்கு வந்துருவேன்" என்றேன். அஸர் என்பது நாலு மணிவாக்கில் வரும் தொழுகை.

"அண்ணன் தம்பி சண்டை அஸருக்குள்ள முடியுமாக்கும்! பேசாம எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டுதான் போனேன். வாழவந்தியில் பஸ் நின்றபோது, என்ன பேசுவது என்ற யோசனையிலேயே இறங்கிவிட்டேன். பை சீட்டிலேயே இருந்துவிட்டது. பஸ் வளைவு திரும்பிய பிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. சரி, அஸருக்குள் முடிந்துவிடும் என்று நடந்தேன்.

களத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் உட்காருவதற்குள் வெள்ளையன் வந்து அதைத் தன் வீட்டுப் பக்கம் ஒரு அடி நகர்த்தினார். பொன்னுசாமி வந்து திரும்ப நகர்த்தினார். "மறுக்காவும் இழுத்தா நாற்காலி கால் ஒடஞ்சுரும், நான் நின்னுக்கறனுங்க" என்றேன். அப்புறம்தான் உட்கார விட்டார்கள்.

பேசினார்கள். எப்படிப் பேசினார்கள்! ஊற்றைப் பற்றித் தொடங்கி, அப்பாவின் காரியத்துக்கு யார் என்ன செய்தார், எந்த வருடம் யார் வீட்டுப் பலாப்பழத்தை யார் மாடு தின்றது என்று போனது.

"பாய், நீங்க தராசு புடிக்கற ஆளு. நீங்களே சொல்லுங்க" என்றார் வெள்ளையன்.

"அவரு கடையில இப்பக் கரண்டுத் தராசு. அவரு எங்க புடிக்கறாரு? கரண்டு போனா அவருக்கே ஒண்ணும் தெரியாது" என்றார் பொன்னுசாமி.

வெள்ளையனுக்கு உதடு துடித்தது. சிரிப்புத்தான். ஆனால் அண்ணன் சொன்னதற்குச் சிரிக்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் துடிப்பைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அஸர் தொழக் களத்தின் ஓரம் போனேன். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினால் கல்யாணப் பெண் மலர் நின்றுகொண்டிருந்தாள்.

"பாய் மாமா, ஒண்ணு சொல்லலாமுங்களா?"

"சொல்லு கண்ணு."

"எங்கூட்டுக்குத் தண்ணியே வேண்டாமுங்க. லாரித் தண்ணி வாங்கிக்கலாம். பெரியப்பா பந்தக்கால் நட வந்தாப் போதுமுங்க. சின்னதுல அவரு தோள்மேல உக்காந்துதான் நான் பொங்கலுக்கு ஆட்டம் பாப்பேன்." வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "இத நான் சொன்னேன்னு சொல்லீராதீங்க."

எப்படிச் சொல்வேன்? சொன்னால் அது பெண் வீட்டுப் பேச்சு ஆகிவிடும். பொது மனிதனுக்கு இதுதான் கஷ்டம். தெரிந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு உட்கார வேண்டும். அன்றைக்கு நான் விழுங்கியது அது ஒன்றுதான்.

பாங்கு

பேச்சு முடியவில்லை. வெயில் சில்வர் ஓக் மரங்களின் உச்சிக்கு ஏறிவிட்டது. "இனிப் பேசி ஆகப் போறதில்லீங்க. விடிஞ்சா நான் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்று வெள்ளையன் சொன்னார். "போயேன். நானும் வர்றேன்" என்றார் பொன்னுசாமி. அப்போதுதான் என் கைப்பேசி பாங்கு சொன்னது. அந்த இரண்டு டம்ளர்களும் வந்தன.

இரண்டு பெண்களிடமும் சூது ஒன்றும் இல்லை. நோன்புக்காரர் தாகத்தோடு இருக்கிறாரே என்று ஓடிவந்தார்கள். வந்த பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பார்த்த பிறகு பின்வாங்க முடியவில்லை.

நான் எந்தக் கையை நீட்டினாலும் கடுங்காப்பிக் கதைதான். இரண்டையும் வாங்கலாம், ஆனால் எதை முதலில் குடிப்பது? நேரம் வந்தபின் நோன்பு திறக்கத் தாமதிப்பதும் எங்களுக்குச் சரியில்லை. மலர் வாசற்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

இரண்டு டம்ளரிலும் இருப்பது ஒரே ஊற்றுத் தண்ணீர்தானே என்று தோன்றியது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் தோன்றியது. மத்தியானத்திலிருந்து அந்த ஊற்றைப் பற்றிப் பேசுகிறோம். நான் அதை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. யாரும் என்னைக் கூட்டிப்போகவும் இல்லை.

எழுந்தேன். "ஊத்து எந்தப் பக்கமுங்க?"

ராசம்மாதான் முதலில் புரிந்துகொண்டார். டம்ளரோடு கையைச் சரிவுப் பக்கம் நீட்டினார். "அந்தக் காப்பிச் செடிக்கு மேலாலீங்க. பாத்துப் போங்க, வழுக்கும்."

நடந்தேன். பின்னால் எல்லோரும் வந்தார்கள். முந்தின வாரம் பெய்த மழைக்குக் காப்பிச் செடிகள் பூத்திருந்தன. இரண்டு பக்கமும் வெள்ளையாக, மல்லிகைப் பந்தலுக்குள் போகிற மாதிரி வாசனை. பசியில் வாசனை இன்னும் கூடத் தெரியும். நோன்பு வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

ஊற்று சின்னதுதான். பாறை இடுக்கிலிருந்து கசிந்து கல்தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. தொட்டியில் முழங்கை அளவுகூடத் தண்ணீர் இல்லை. நான் குனிந்து கையை விட்டதும் அடியிலிருந்து சேறு கிளம்பிக் கலங்கிவிட்டது. பரவாயில்லை என்று குழித்து அள்ளப் போனேன்.

"ஐயோ பாய், இருங்க, கலங்கலக் குடிக்காதீங்க!" வெள்ளையன் ஓடிவந்து மண்டியிட்டார். "பகலெல்லாம் பட்டினி கெடந்த மனுசனுக்குச் சேத்துத் தண்ணியா?" இலையையும் சேற்றையும் தள்ளிவிடப் பாறையடி இடுக்குக்குள் தோள்வரை கையை விட்டார். கை எதிலோ மாட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை.

"என்னமோ கெடக்குது. குதிர வாலாட்டமா இருக்குது."

"தனியா இழுக்காத, பாற பேந்துரும்" என்று சொல்லிக்கொண்டே பொன்னுசாமியும் மண்டியிட்டுவிட்டார். யோசித்துச் செய்யவில்லை. நோன்புக்காரருக்கு நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு தோள்கள் உரசிக்கொண்டு இழுத்தன.

வந்தது ஒரு வேர்க்கொத்து. மயிர் மயிராக, கறுப்பாக, தண்ணீர் சொட்டச் சொட்ட. வெள்ளையனின் ஓஸ் வாய்க்குள் புகுந்து அடைத்திருந்ததும் அதுதான். பாறை இடுக்கில் ஊற்றுக் கண்ணையும் பாதி மூடியிருந்தது. வேர் வெளியே வந்ததும் இடுக்கிலிருந்து ஒரு குமுறல் சத்தம். பிறகு தண்ணீர் விரல் கனத்துக்கு விழ ஆரம்பித்தது.

யாரும் ஓஸை ஆழத்தில் செருகவில்லை. யாரும் தொட்டியைக் காலி செய்யவும் இல்லை.

ஆனால் வேருக்கு ஒரு மரம் இருக்கிறதல்லவா? தொட்டிக்கு மேலே நின்ற சில்வர் ஓக். மிளகுக்கொடி ஏற்றுவதற்காக நட்டது. அதை நட்டது யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் அவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

பொன்னுசாமி வேரைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார். "மரம் என்னுதுதான்" என்றார்.

இப்போது வெள்ளையன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தை மாதத்திலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் அவர் பக்கம் சாய்ந்திருக்கும். எல்லோரும் அவர் வாயைத்தான் பார்த்தார்கள். நான் மனதுக்குள் ஓதிக்கொண்டிருந்தேன்.

வெள்ளையன் தொட்டியை எட்டிப் பார்த்தார். "தெளிஞ்சுருச்சு" என்றார். பிறகு, "பாய் மொதல்ல குடிக்கட்டும்ணா" என்றார்.

அந்த 'ணா' எல்லோர் காதிலும் விழுந்தது. குப்பாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பிஸ்மில்லாஹ் சொல்லி இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். நான் திறந்த நோன்புகளில் அவ்வளவு குளிர்ந்த தண்ணீர் வேறு எதுவும் இல்லை.

சொல்லாத தீர்ப்பு

அங்கேயே ஒளு செய்தேன். மலர் ஓடிப்போய் ஒரு புதுப்பாய் கொண்டுவந்து விரித்தாள். கல்யாணத்துக்கு வாங்கிய பாயாக இருக்க வேண்டும், மடிப்புக்கூடக் கலையவில்லை. அந்திநேரத்து மஃரிப் தொழுது முடித்தேன். யாரும் நகரவில்லை.

"தீர்ப்பு சொல்லுங்க பாய்" என்றார் பொன்னுசாமி.

என்னிடம் என்ன தீர்ப்பு இருந்தது? நான் வாயைத் திறப்பதற்குள் ராசம்மா பேசினார். "கல்யாணம் முடியற மட்டும் ரெண்டு ஓஸும் அவிய ஊட்டுக்கே போகட்டும். எங்களுக்குக் கொடத்துல மோந்துக்கறோம். என்னங்க?"

அந்த "என்னங்க" புருஷனுக்கா எனக்கா என்று தெரியவில்லை. பொன்னுசாமி தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அன்றைக்கு நான் சொன்ன தீர்ப்பு அந்தத் தலையாட்டல்தான்.

கீழே இறங்கும்போது பொன்னுசாமி மலரின் பக்கத்தில் நடந்தார். "பந்தக்காலுக்குப் பாலமரம் வெட்டியாச்சா சாமி, இல்ல அதையும் நான்தான் வெட்டோணுமா?" என்று கேட்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். ஜமீலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றாள். பிறகு, "அது சரி, பாட்டில் எங்கீங்க? சொம்பத் தொலைச்ச நாட்டாமைய நான் இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். பை மறுநாள் அதே பஸ்ஸில் வந்தது. பேரீச்சம்பழத்தைக் கண்டக்டருக்கே கொடுத்துவிட்டேன்.

பந்தலில்

சித்திரையில் கல்யாணத்துக்குப் போனோம். பெரியப்பா நட்ட பந்தக்கால் கொஞ்சம் சாய்வாகத்தான் இருந்தது. வெள்ளையன் அதைக் காட்டி, "எங்கண்ணன் நட்டது, கோணயா இருந்தாலும் கல்லாட்டம் நிக்கும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா என் தொப்பியைப் பார்த்துவிட்டு, "பாய் யாருங்க?" என்று பொன்னுசாமியிடம் கேட்டார்.

என்ன சொல்லப் போகிறார் என்று நானும் காது கொடுத்தேன். மத்தியஸ்தர் என்பாரா? நியாயஸ்தர் என்பாரா? இல்லை, மிளகு யாவாரி என்று முடித்துவிடுவாரா?

"இவருங்களா?" என்றார் பொன்னுசாமி. "எங்க ஊத்துத் தண்ணியில நோம்பு தொறந்தவருங்க."

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் என்னவோ பெரிய விஷயம் என்று நினைத்து எழுந்து கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். ஜமீலா என்னை இடித்தாள்.

இலை போட்டார்கள். ஒரு பக்கமிருந்து ராசம்மா சோறு வைத்தார். மறுபக்கமிருந்து குப்பாயி சாம்பார் ஊற்றினார். நான் பழக்கத்தில் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் என்னத்தப் பாக்கறீங்க பாய்? நாயமெல்லாம் முடிஞ்சு போச்சு" என்றார் குப்பாயி. "கை நனைங்க."

பிஸ்மில்லாஹ் சொல்லி இலையில் கை வைத்தேன்.